ஃபைஃப் டாக் இல்லாமல் ‘தி லோ எண்ட் தியரி’ இல்லை

ஏ ட்ரைப் கால்ட் குவெஸ்ட் என்கிற நியூயார்க் ஹிப்-ஹாப் குழுவைப் பற்றிப் பேச்சு வந்தாலே அதன் ராப்பர் க்யூ-டிப்பில் தொடங்கி க்யூ-டிப்பிலேயே முடித்துவிடுகிறோம். அவர்தான் மூளை, பழைய இசைத்தட்டுகளைத் தோண்டித் தோண்டிச் சாம்பிள் (புதுப் பாட்டில் சேர்க்க வெட்டியெடுக்கும் இசைத் துண்டு) எடுத்தவர், அந்த மூக்கால் பேசுகிற மாதிரியான இதமான குரல்... எல்லாம் சரி. ஆனால் 1991 செப்டம்பரில் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் ‘தி லோ எண்ட் தியரி’ விஷயத்தில் இது பெரிய அநியாயம். அந்த ஆல்பத்தைத் தூக்கி நிறுத்தியது குழுவின் இன்னொரு ராப்பர் ஃபைஃப் டாக் என்கிற மாலிக் டெய்லர்தான் என்பது என் கட்சி.

முந்தைய வருடம் வந்த முதல் ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். அருமையான ஆல்பம், ஆனால் ஃபைஃப் அதில் அவ்வப்போது தலைகாட்டிவிட்டுப் போகிறவர். இரண்டாவதில் ‘பகின் அவுட்’ வந்ததும் முதல் ஆளாக மைக்கைப் பிடித்து, ஐந்தடி உயரக் கொலையாளி என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டு இறங்குகிறார். அப்புறம் ஆளைப் பிடிக்க முடியவில்லை. ‘பட்டர்’ பாடலில் ராப் மொத்தமும் அவருடையது: 1988, பள்ளியின் கடைசி வருடம், தன்னைப் பெரிய மன்மதனாக நினைத்துத் திரிந்தவன் ஃப்ளோ என்கிற பெண்ணிடம் மாட்டிய கதை. டிப்பின் வரிகள் கொஞ்சம் மேகத்தில் மிதக்கும், ஃபைஃப் தெருவில் நின்று பேசுவார்.

இதற்கு ஆல்பத்தின் ஒலியமைப்பும் ஒரு காரணம். முதல் பாடல் ‘எக்ஸ்கர்ஷன்ஸ்’ ஒரே ஒரு பேஸ் (தாழ்ந்த சுர வாத்தியம்) வரியோடு தொடங்குகிறது, ஜாஸ் டிரம்மர் ஆர்ட் பிளேக்கியின் இசைத்தட்டிலிருந்து எடுத்தது. அது தனியாகச் சுற்றுகிறது, அதன் மேல் டிப் பேச ஆரம்பிக்கிறார், ஹிப்-ஹாப்பைக் கேட்ட தன் அப்பாவுக்கு பீபாப் என்கிற பழைய ஜாஸ் பாணி ஞாபகம் வந்ததைச் சொல்கிறார், டிரம்ஸ் இன்னும் வரவில்லை, எப்போது வரும் என்று நாம் காத்திருக்கும்போது வந்து விழுகிறது பாருங்கள், அந்த இடம்! கீழே பேஸ், கூடவே டிரம்ஸ், நடுவில் பெரும்பாலும் வெட்டவெளி. ஒலிப்பதிவுப் பொறியாளர் பாப் பவர் சாம்பிள்களின் கீறல் சத்தங்களைத் துடைத்து எடுத்துவிட்டதால் அந்த வெட்டவெளி இன்னும் சுத்தமாகக் கேட்கிறது. ஃபைஃபின் உயர்ந்த, கூர்மையான குரலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு இடம். தயவுசெய்து இதை போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் காணாமல் போய்விடும், பாதி ஆல்பமும் கூடவே போய்விடும்.

ஜாஸ் ராப் என்று பெயர் வைத்துவிட்டதால் எல்லோரும் இதில் டிரம்பெட்டையும் சாக்ஸஃபோனையும் தேடுகிறார்கள். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோடு வாசித்த ரான் கார்ட்டரே ‘வெர்சஸ் ஃப்ரம் தி ஆப்ஸ்ட்ராக்ட்’ பாடலுக்கு வந்து பேஸ் வாசித்திருக்கிறார், கெட்ட வார்த்தை இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. பெரிய விஷயம்தான். ஆனால் எனக்கு இந்த ஆல்பத்தில் ஜாஸ் அதிகமாகக் கேட்பது ‘செக் தி ரைம்’ பாடலில். தயாரா என்று டிப் கேட்கிறார், எப்போதும் தயார் என்று ஃபைஃப். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், லிண்டன் பூலவார்டில் ஒன்றாக வளர்ந்தவர்கள், ஒருவர் மூச்சு விடும் இடத்தில் இன்னொருவர் நுழைகிறார். இரண்டு வாத்தியங்கள் மாற்றி மாற்றி வாசிப்பதுதான் அது. தனி ஆளால் அதைச் செய்யவே முடியாது.

‘சினாரியோ’வும் அப்படித்தான். கடைசியில் விருந்தாளி ராப்பர் பஸ்டா ரைம்ஸ் வந்து உறுமுவதைப் பற்றி இன்றுவரை பேசுகிறார்கள், சரி, பேசட்டும். முதல் அடி யாருடையது? பேஸ்பாலும் அமெரிக்கக் கால்பந்தும் ஒரே நேரத்தில் ஆடிய போ ஜாக்சனை இழுத்துக்கொண்டு ஃபைஃப் திறந்து வைத்த கதவில்தான் அந்தப் பாட்டில் ராப் செய்த மற்ற நான்கு பேரும் உள்ளே வந்தார்கள்.

குறையே இல்லாத ஆல்பம் என்று சொல்ல மாட்டேன். ‘தி இன்ஃபேமஸ் டேட் ரேப்’ பேச வேண்டிய விஷயத்தைத் தொட்டாலும் பாதியில் பெண்களையே குத்திக்காட்டும் தொனிக்குப் போய்விடுகிறது. இன்று கேட்கச் சங்கடமாகவே இருக்கிறது.

இருபது வயது தாண்டாத பையன், சர்க்கரை நோய் இருப்பது அப்போதுதான் தெரியவந்திருக்கிறது, அந்த நேரத்தில் செய்த வேலை இது. அதே நோயின் பாதிப்பில் 2016 மார்ச்சில் 45 வயதில் போய்விட்டார். செய்தி வந்த அன்று எல்லோரும் ஃபைஃப் ஃபைஃப் என்று எழுதினார்கள். மனுஷன் உயிரோடு இருந்தபோதே சிறந்த ராப்பர்கள் பட்டியல்களில் டிப்புக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் அவர் பெயரையும் போட்டிருக்க வேண்டும். புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் ‘பகின் அவுட்’டில் தொடங்குங்கள், அடுத்து ‘பட்டர்’. அதன் பிறகும் டிப்தான் எல்லாம் என்று தோன்றினால் கமெண்டில் வாருங்கள், பேசுவோம்.