எழுதியவர்: படித்ததில் பிடித்தது

அண்ணாச்சி: டீச்சர், நீங்கள் ஒரு நடை எங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் மதினி குறட்டை விடுவதில்லை என்று சொல்ல வேண்டும்.

டீச்சர்: மதினி குறட்டை விடுவதில்லை என்பது மதினிக்கே தெரியாதா அண்ணாச்சி?

அண்ணாச்சி: அவளுக்குத் தெரியும். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்குத்தான் தெரியவில்லை. நேற்று விடியற்காலையில் நான் அனுப்பிய கட்டுரையைப் படித்துவிட்டு, கோவில்பட்டிச் சம்பந்தி காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவருடைய எண்ணை அனுப்பியிருக்கிறார். தூத்துக்குடி மைத்துனரோ, அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம் உண்டென்றும், பெண் பார்க்க வந்தபோது எங்களிடம் அதை மறைத்துவிட்டார்கள் என்றும் எழுதி, சிரிக்கிற பொம்மை மூன்றைப் போட்டிருக்கிறார். அதிலிருந்து எனக்கு வீட்டில் காப்பி கிடையாது.

டீச்சர்: கிரைண்டர் கட்டுரையா? நள்ளிரவில் மாவு ஆட்டுகிற சத்தம் கேட்கிறதே என்று எழுந்துபோய் சுவிட்சை அணைக்கிறார், சத்தம் நிற்கவில்லை. மெயினையே அணைக்கிறார், அப்போதும் நிற்கவில்லை...

அண்ணாச்சி: அதேதான். ஃபேன் நின்றதும் அந்த அம்மாள் புழுக்கத்தில் விழித்துக்கொண்டு, ‘கரண்டு போய்விட்டதா?’ என்று கேட்கிறாரே, அந்த நொடியில்தான் கிரைண்டர் நிற்கிறது. மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

டீச்சர்: அது நகைச்சுவை நடிகர் ஒருவர் வாரப் பத்திரிகையில் எழுதியது. பிடித்த பக்கங்களையெல்லாம் கிழித்துச் சேர்த்து எங்கள் அப்பா பைண்டு செய்து வைத்த தொகுப்பில் இருக்கிறது. நீங்கள் அனுப்பியதில் அவருடைய பெயர் எங்கே போயிற்று?

அண்ணாச்சி: எங்கேயும் போகவில்லையே. கடைசி வரியைப் பாருங்கள், ‘படித்ததில் பிடித்தது.’

டீச்சர்: அது பெயரா?

அண்ணாச்சி: தமிழ் கற்பித்த நீங்களே இப்படிக் கேட்கலாமா? பெரிய எழுத்தாளர் அல்லவா அவர்! முடக்கத்தான் கீரையின் பயன்கள், சனிப்பெயர்ச்சிப் பலன்கள், பிள்ளை வளர்ப்பு, வருமான வரி என்று அவர் கை வைக்காத துறையே இல்லை. எனக்கு மட்டுமே நாளொன்றுக்கு இருபது முப்பது கட்டுரைகள் வருகின்றன. இவ்வளவு எழுதுகிறவருக்கு இன்னும் ஒரு சாகித்திய அகாதமி விருதுகூடக் கொடுக்கவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

டீச்சர்: அண்ணாச்சி, யாரோ ஒருவர் படித்திருக்கிறார், அவருக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் அந்த வரியின் பொருள். எழுதியவர் வேறு ஆள்.

அண்ணாச்சி: நகைச்சுவை எழுதுகிறவர்கள் எந்தக் காலத்தில் ஒழுங்கான பெயரில் எழுதினார்கள்? கிருஷ்ணமூர்த்தி ‘கல்கி’ என்று எழுதினார், மகாதேவன் ‘தேவன்’ ஆனார், ஜ.ரா. சுந்தரேசன் தம் அம்மா பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து ஒட்டி ‘பாக்கியம் ராமசாமி’ என்று வைத்துக்கொண்டார், பி.எஸ். ரங்கநாதன் ‘கடுகு’ என்று எழுதினார். கடுகு என்ற பெயரில் ஒருவர் எழுதலாம், படித்ததில் பிடித்தது என்ற பெயரில் எழுதக் கூடாதா? அவ்வளவு ஏன், ‘சோ’ என்று ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு ஒருவர் சினிமாவில் நடித்தார், நாடகம் போட்டார், பத்திரிகையே நடத்தினார்.

டீச்சர்: அந்த ஒற்றை எழுத்துக்காரர் 1970 ஜனவரியில் துக்ளக்கைத் தொடங்கியபோது, முதல் இதழின் அட்டையில் இரண்டு கழுதைகள் தம் பத்திரிகையைப் பற்றிப் பேசிக்கொள்வதாகப் போட்டார். கேலிக்கு ஆளானவர் யார் என்பது அட்டையிலேயே தெரிந்ததால், எந்தச் சம்பந்தியும் யாருக்கும் கால்நடை டாக்டருடைய எண்ணை அனுப்பவில்லை.

அண்ணாச்சி: கழுதைக்கும் கிரைண்டருக்கும் என்ன சம்பந்தம் டீச்சர்?

டீச்சர்: சொல்கிறேன். நகைச்சுவைக் கட்டுரையில் ‘நான்’ என்று ஒருவன் வருகிறானே, மனைவிக்குப் பயப்படுகிறவன், மெயினை அணைத்துவிட்டு இருட்டில் நாற்காலியில் முட்டிக்கொள்கிறவன், அவன் எழுதியவர் கட்டிக்கொண்ட வேடம். நாடகக்காரர் மேடையில் எந்த வேடத்தைக் கட்டினாரோ, அதையே கொஞ்சம் சுருக்கித் தாளிலும் கட்டுகிறார். கட்டுரையின் தலைமாட்டில் அவருடைய பெயர் இருக்கும்வரை படிக்கிறவர்களுக்கு அது வேடம் என்று தெரியும். திருவண்ணாமலையில் வக்கீலாக இருந்த எஸ்.வி.வி., முதலில் இந்து நாளிதழில் ஆங்கிலத்திலும் பிறகு ஆனந்த விகடனில் தமிழிலும் புருஷன் பெண்டாட்டிச் சச்சரவுகளை வாரி வாரி எழுதினார். படித்தவர்கள் எவரும் திருவண்ணாமலைக்கு ரயிலேறிச் சமாதானம் பேசப் போனதாகத் தெரியவில்லை. மேலே மூன்று எழுத்து இருந்தது, அது போதுமானதாக இருந்தது. பெயரை எடுத்துவிட்டால் அந்த ‘நான்’ அநாதையாகி, யார் அனுப்புகிறாரோ அவர் தலையில் ஏறிக்கொள்கிறான். நேற்று உங்கள் தலையில் ஏறினான்; குறட்டை மதினியின் தலையில் ஏறியது.

அண்ணாச்சி: அப்படியானால், படித்ததில் பிடித்தது அவர்களுடைய சம்சாரம்தான் குறட்டை விட்டவரா?

டீச்சர்: அவருக்குச் சம்சாரம் ஏது அண்ணாச்சி!

அண்ணாச்சி: இருக்கிறார். ‘மாமியார் மெச்சும் மருமகனாவது எப்படி’ என்று சென்ற வாரம் எழுதியிருந்தார். அதுமட்டுமல்ல, குறட்டைக்கு மிளகுக் கஷாயம் என்று சம்பந்தி அனுப்பினாரே, அதன் அடியிலும் அவருடைய பெயர்தான். நோயை எழுதியவரே மருந்தையும் எழுதியிருக்கிறார் என்றால் எவ்வளவு பொறுப்பானவராக இருக்க வேண்டும்!

டீச்சர்: உண்மையைச் சொல்லுங்கள். உங்களுக்கு வந்தபோதே பெயர் இல்லையா?

அண்ணாச்சி: ஒரு பெயர் இருந்தது. சினிமாவிலும் நாடகத்திலும் நடிக்கிறவருடைய பெயராக இருந்ததால், ஏதோ விளம்பரம் போலிருக்கிறது என்று அதை அழித்துவிட்டேன். அடியில் இருந்த ‘படித்ததில் பிடித்தது’ என்பதை அழிக்க மட்டும் மனம் வரவில்லை.

டீச்சர்: 1928இல் எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனை வாங்கியபோது, அந்தப் பெயருக்கு எழுத்து ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம், எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்தார் என்பார்கள். ஒரு பெயருக்கு அவ்வளவு மதிப்பு வைத்த ஊரில், இனாமாக வந்த பெயரைக்கூட நீங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

அண்ணாச்சி: எழுத்துக்கு 25 ரூபாயா? இருங்கள்... படித்ததில் ஆறு, பிடித்தது ஐந்து, ஆகப் பதினொரு எழுத்து. 275 ரூபாய்! விகடனைவிட 75 ரூபாய் அதிகம் டீச்சர். நான் சொன்னேன் அல்லவா, பெரிய எழுத்தாளர் என்று.

டீச்சர்: அண்ணாச்சி, ஒரு நடிகர் பத்திரிகைக்கு ஒன்றரைப் பக்கம் எழுதுவது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியுமா? மேடையில் ஒரு வசனத்துக்குச் சிரிப்பு வரவில்லையென்றால் அடுத்த வசனத்தில் குரலை மாற்றலாம், முழிக்கலாம், ஒன்றும் நடக்கவில்லையென்றால் கீழே விழலாம். தாளில் விழ முடியாது. மேடையில் ஒரே சிரிப்பை நூறு ஊரில் விற்கலாம்; பத்திரிகையில் ஒரு முறை அச்சாகிவிட்டால் அந்தச் சிரிப்பு செலவாகிவிட்டது, அடுத்த வியாழக்கிழமைக்குள் வேறொன்றைத் தேட வேண்டும். இருக்கிற ஒன்றரைப் பக்கத்திலும் அரைப் பக்கத்தை ஓவியர் எடுத்துக்கொள்வார். சிரிக்கிறார்களா இல்லையா என்பதை எழுதியவர் நேரில் பார்க்கவும் வழியில்லை. இத்தனைக்கும் அவருக்குக் கிடைப்பது கட்டுரையின் தலைமாட்டில் ஒரு பெயர். அதை நீங்கள் விளம்பரம் என்று அழித்திருக்கிறீர்கள்.

அண்ணாச்சி: நீங்கள் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்கிறீர்கள். ஒரு பெயர்தானே.

டீச்சர்: கிரேசி மோகனுடைய நாடகம் பார்த்திருக்கிறீர்களா?

அண்ணாச்சி: பார்க்காமல் என்ன? கதாநாயகன் மாது, கதாநாயகி ஜானகி. நாடகம் மாறும், பெயர் மாறாது.

டீச்சர்: ஏன் மாறவில்லை? பள்ளிக்கூடத்தில் சின்னப் பையனாக இருந்த அவரை மேடையேற்றிய ஆசிரியையின் பெயர் ஜானகி. அந்த நன்றியில், எழுதிய நாடகத்துக்கெல்லாம் கதாநாயகிக்கு அந்தப் பெயரையே வைத்துக்கொண்டு போனார். 2019இல் அவர் இறக்கும்வரை அந்த டீச்சரின் பெயரை அவர் விடவில்லை. நான் எத்தனை பேருக்குப் பாடம் நடத்தினேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவன் தன் வீட்டு ஆட்டுக்குக்கூட என் பெயரை வைக்கவில்லை.

அண்ணாச்சி: சரி, கோபப்படாதீர்கள். பெயர்தானே வேண்டும்? அப்துல் கலாம் என்று போட்டு மறுபடியும் அனுப்பிவிடுகிறேன். அவர் பெயரில் எது வந்தாலும் எங்கள் குழுவில் கைகூப்பிவிட்டுப் போய்விடுவார்கள்.

டீச்சர்: அண்ணாச்சி, அவர் கல்யாணமே செய்துகொள்ளாதவர். பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்ட சம்சாரத்தை அவருக்கு எங்கிருந்து கொண்டுவருவீர்கள்?

அண்ணாச்சி: அதுவும் சரிதான். சுஜாதா?

டீச்சர்: அவர் 2008இல் இறந்தார். உங்களைப் போன்றவர்களுடைய உதவியால், இருந்தபோது எழுதியதைவிட இறந்த பிறகு அதிகமாக எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த மனிதரைக் கொஞ்சம் ஓய்வெடுக்க விடுங்கள்.

அண்ணாச்சி: அப்படியானால் படித்ததில் பிடித்தது என்பதே இருக்கட்டும். பழகிய பெயர்.

டீச்சர்: எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. எழுதியவருடைய பெயரை அழித்தது நீங்கள். ஆனால் இத்தனை வருட நகைச்சுவைக் கட்டுரைகளில் குறட்டை விட்டவள், குழம்பில் உப்பை மறந்தவள், புடவைக் கடையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தவள் என்று எத்தனை பேர் வந்துபோனார்கள்? பாதிப் பேருக்கு ‘என் மனைவி’ என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. நான் விழுந்து விழுந்து சிரித்த கட்டுரைகளும் அவற்றில் உண்டு. இருந்தாலும், சிரிப்பு வராத வாரத்தில் மனைவியைப் பிடித்து இழுத்துவந்து பக்கத்தை நிரப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணாச்சி: பாக்கியம் ராமசாமியின் சீதாப்பாட்டி இருக்கிறாரே!

டீச்சர்: இருக்கிறார். அவருக்குப் பெயர் இருந்தது, வாயைத் திறந்தால் ஆங்கிலம் இருந்தது, தலைமை தாங்கப் பாட்டிகள் முன்னேற்றக் கழகமும் இருந்தது. அதனால்தான் அந்த வீட்டில் அடி வாங்கியவர் அவருடைய கணவர் அப்புசாமி. ஜெயராஜ் வரைந்த படங்களில் யார் நிமிர்ந்து நிற்கிறார், யார் பதுங்குகிறார் என்று பார்த்தாலே தெரியும்.

அண்ணாச்சி: எங்கள் வீட்டிலும் இப்போது அந்தப் படம்தான் நடந்துகொண்டிருக்கிறது. நீங்கள் ஒரு நடை வருகிறீர்களா?

டீச்சர்: நான் வந்து என்ன செய்ய? குழுவில் ஒரு திருத்தம் போடுங்கள். நான் சொல்லச் சொல்ல எழுதுங்கள். ‘நேற்று அனுப்பிய கட்டுரை நான் எழுதியதல்ல, அதில் வருகிற மனைவி என் மனைவி அல்ல. அதை எழுதியவர்...’

(டீச்சர் பெயரைச் சொன்னார், அண்ணாச்சி எழுத்துக்கூட்டி அதைத் தட்டினார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதாததற்குக் காரணம், அந்த அம்மாள் இன்னும் நலமாக இருக்கிறார். ஒரு முறை ஊர் சுற்றிய குறட்டையை மறுபடியும் கிளப்பிவிட எனக்கு மனமில்லை.)

அண்ணாச்சி: போட்டாயிற்று. அடியில் வழக்கம்போல...

டீச்சர்: அடியில் ஒன்றும் வேண்டாம்!

அண்ணாச்சி: சரி, சரி. அதோ, சம்பந்தி படித்துவிட்டார், பதிலும் வந்துவிட்டது. ‘அடடா, அந்த நாடக நடிகருடைய வீட்டிலா இந்தக் கஷ்டம்? நல்ல மனிதர். முகவரி கிடைத்தால் கஷாயப் பொடியைக் கூரியரில் அனுப்பி வைக்கிறேன்’ என்கிறார். என்ன டீச்சர் சொல்லட்டும்?

டீச்சர்: தாராளமாக அனுப்பச் சொல்லுங்கள். ‘பெறுநர்’ என்ற இடத்தில் மட்டும் பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் குடும்பத்தில் அதுதானே வழக்கம்.