பெயிண்ட் அடிச்ச வியாழக்கிழமையும் ரேடியோ 4ம்

பொண்ணு பொறக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, 2014 மே மாசம் ஒரு வியாழக்கிழமை, லீவு போட்டுட்டு இங்கிலாந்துல லெஸ்டர் ஊர்ல எங்க வீட்டுச் சின்ன ரூமுக்கு பெயிண்ட் அடிச்சேன். ஜன்னல் திண்டுல ஒரு பழைய ரேடியோ, பிபிசி ரேடியோ 4 ஓடிட்டிருந்துச்சு. ரெண்டு கையும் பெயிண்ட், ஸ்டேஷன் மாத்த முடியாது, போனைத் தொட முடியாது. அதனால காலைல ஆறு மணியிலேர்ந்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் அந்த ஸ்டேஷன் என்ன போட்டுச்சோ அதையெல்லாம் கேட்டேன். அன்னிக்கு மனசுல பட்ட ஒரு விஷயம் பத்து வருஷம் தாண்டியும் மாறல, அதைத்தான் இங்க எழுதறேன்.

தெரியாதவங்களுக்கு, ரேடியோ 4ன்னா பேச்சு மட்டும்தான். 1967ல ஹோம் சர்வீஸ்ங்கற பழைய பேரை எடுத்துட்டு இந்தப் பேரை வெச்சாங்க. பாட்டு ஸ்டேஷன் இல்ல, விளம்பரம் கிடையாது. காலைல 'டுடே', அது 1957லேர்ந்து ஓடற செய்தி நிகழ்ச்சி, 8:10க்கு ஒரு மந்திரியை உக்காரவெச்சு கேள்வி மேல கேள்வி கேப்பாங்க. சுவத்துக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கற சத்தத்துல பாதி காதுல விழல, அதுல எனக்கு வருத்தமும் இல்ல.

ஒன்பது மணிக்கு 'இன் அவர் டைம்'. மெல்வின் பிராக் 1998ல ஆரம்பிச்சு 2025 வரைக்கும் அவரே நடத்தினாரு. மூணு பேராசிரியருங்க, ஒரே ஒரு விஷயம், முக்கால் மணி நேரம். அன்னிக்கு ஒளிச்சேர்க்கை! நான் திருத்துறைப்பூண்டி பக்கத்து நெல்லு வயக்காட்டுல வளர்ந்தவன், பத்தாங்கிளாஸ்ல அந்தப் படத்தைப் போட்டு பாகங்களைக் குறிச்சு மார்க் வாங்கினவன், ஆனா இலை வெளிய விடற ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடுலேர்ந்து வரல, வேரு உறிஞ்சின தண்ணியை உடைச்சு அதுலேர்ந்துதான் வருதுங்கறது அன்னிக்கு ரோலரை கையில புடிச்சுக்கிட்டு நின்னப்பதான் எனக்கு நெசமாவே உறைச்சுது. அப்பா மடை திறந்துவிட்ட தண்ணி, அவர் வரப்புல நின்னு இழுத்த மூச்சு, ரெண்டும் ஒண்ணுதானான்னு யோசிச்சுக்கிட்டே நின்னதுல சுவத்துல பெயிண்ட் வழிஞ்சு காஞ்சிடுச்சு, அந்தக் கோடு இன்னும் இருக்கு.

ஒளிச்சேர்க்கைன்னு நான் தேடியிருக்கவே மாட்டேன். யாராச்சும் லிங்க் அனுப்பியிருந்தாலும் திறந்திருக்க மாட்டேன். நம்ம போன்ல இருக்கற ஆப் எல்லாம் நேத்து நீ எதைக் கேட்டியோ அதையே இன்னிக்கும் கொண்டாந்து வைக்கும். அதனால யாருக்கும் புது ஆசை வராது, பழைய ஆசைதான் பெருக்கும். ஒரு நல்ல பேச்சு ரேடியோ உனக்கு என்ன புடிக்கும்னு கேக்கறதே இல்ல, இதுவும் உலகத்துல இருக்கு, கொஞ்சம் உக்காந்து கேளுன்னு சொல்லுது. இது பெரிய மரியாதைன்னு நான் நினைக்கறேன், கேக்கறவன் எவனா இருந்தாலும் அவனுக்குப் புரியும்னு நம்பற மரியாதை.

பத்து மணிக்கு பெண்களுக்கான 'உமன்ஸ் அவர்', 1946லேர்ந்து வருது. மத்தியானம் 2:15க்கு நாடகம், சுவத்தைப் பாத்துக்கிட்டே கேட்டா முழுப் படம் ஓடுது. ஆறு மணிக்கு பிக் பென் மணி அடிச்சு செய்தி. ஆறரைக்கு வர்ற காமெடி எனக்கு அவ்வளவா ஒட்டல. பேசறவங்கள்ல நிறைய பேரு ஒரே மாதிரி காலேஜ்ல படிச்சு ஒரே மாதிரி இங்கிலீஷ் பேசறவங்கங்கற குறையும் எனக்கு இருக்கு, எங்க தெருவுல பேசற இங்கிலீஷ் அதுல இன்னும் நிறைய கேக்கணும்.

ஏழு மணிக்கு 'ஆர்ச்சர்ஸ்'ங்கற தொடர் நாடகம். ஆம்பிரிட்ஜ்னு ஒரு கற்பனை கிராமம், மாடு, பால், நிலத்தகராறு. நாடு முழுக்க 1951 ஜனவரி 1லேர்ந்து போகுது. போருக்கு அப்புறம் சாப்பாடே ரேஷன்ல கிடைச்ச காலம், விவசாயிங்க கூடுதலா விளைவிக்கணும், அதுக்கான யோசனைகளைக் கதைக்குள்ள வெச்சு சொல்லணும்னுதான் ஆரம்பிச்சாங்க. இதைப் படிச்சப்ப எனக்கு தாத்தா ஞாபகம். அறுபதுகள்ல திருச்சி வானொலி ஏடிடி 27 நெல்லைப் பத்தி விடாம சொல்லி சொல்லி தஞ்சாவூர் பக்கம் அதுக்குப் பேரே ரேடியோ நெல்லுன்னு ஆயிடுச்சு. எங்க தாத்தா கடைசி வரைக்கும் அந்த நெல்லை அப்படித்தான் சொன்னாரு, வேற பேரு அவருக்குத் தெரியாது.

இப்ப நாடகத்துக்குக் காசு குறையுது, லாங் வேவ்ங்கற பழைய அலைவரிசைல தனியா போட்டுட்டு இருந்த நிகழ்ச்சிகளை 2024ல நிறுத்திட்டாங்க, எல்லாத்தையும் ஆப்ல கேட்டுக்கோங்கறாங்க. ஆப் இருக்கட்டும், நானும் அதுல கேக்கறேன். ஆனா தனித்தனியா பிச்சு எடுத்து அடுக்கிட்டா ஒளிச்சேர்க்கை கேக்கறவன் ஒளிச்சேர்க்கையே கேப்பான், ஆர்ச்சர்ஸ் கேக்கறவங்க அதையே கேப்பாங்க. இதுக்கு அடுத்து அதுன்னு ஒரு மனுஷன் உக்காந்து கோர்த்த அந்த நாள் போயிடும். பிபிசி தமிழோசை ரேடியோ 2017ல நின்னப்ப நாம எல்லாரும் வருத்தப்பட்டு போஸ்ட் போட்டோம், அதுக்கு முன்னாடி எத்தனை நாள் கேட்டோம்? நானும் கேக்கலங்க. அதனாலதான் இதை இப்பவே சொல்றேன், இருக்கறப்பவே கேளுங்க.

அன்னிக்கு ராத்திரி ரெண்டாவது கோட்டும் முடிச்சு பிரஷ் கழுவிட்டிருந்தப்ப மணி 12:48, கப்பல்களுக்கான வானிலை அறிக்கை. பிரிட்டனைச் சுத்தி 31 கடல் பகுதி, வைக்கிங், ஃபோர்ட்டீஸ், டாகர், ஃபிஷர், ஜெர்மன் பைட்னு வரிசையா பேரு, காத்து எந்தத் திசை, எவ்வளவு வேகம், மழையா, கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரியும், அவ்வளவுதான். மொத்தமே முன்னூத்தியெண்பது வார்த்தை சுமாருக்குள்ள முடிச்சாகணும். நாகப்பட்டினம் துறைமுகத்துல மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்கன்னு ரேடியோல சொன்னா அம்மா உடனே கொல்லையில காயற துணியை எடுக்க ஓடுவாங்க. இங்க கடல் எனக்கு ரொம்ப தூரம் தள்ளி, படகும் இல்ல, வலையும் இல்ல, ஆனாலும் குழாயை மூடிட்டு கடைசிப் பேரு வரைக்கும் நின்னு கேட்டேன்.

போன மாசம் அதே ரேடியோவை பொண்ணு ரூம்ல வெச்சேன், வெள்ளைப் பெயிண்ட் பொட்டு இன்னும் அது மேல இருக்கு. லீவு நாள், அவ தூங்கல, அறிக்கை ஓடுச்சு. டாகர்னா என்னப்பான்னு கேட்டா. வட கடலுக்கு அடியில ஒரு மணல் திட்டு, ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடி அங்க நிலம் இருந்துச்சு, ஜனங்க நடமாடினாங்கன்னு சொன்னேன். எந்திரிச்சு லைட்டைப் போட்டு அட்லஸ் எடுத்துட்டு வந்துட்டா.