ஒப்பிட வேண்டியது யாருடன்?
உடல் உணவைப் பயன்படுத்தும்போது உருவாகி இரத்தத்தில் சேரும் வளர்சிதை மாற்றப் பொருட்களை அளந்தே தோல் லிம்ஃபோமாவை (தோலில் வரும் ஒரு வகைப் புற்றுநோயை) தொடக்கத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்று இந்தக் கட்டுரை சொல்கிறது. நோயாளிகளை ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியாமல் என்ன செய்யும்? மருத்துவர்களைத் திணறடிப்பது, மைக்கோசிஸ் ஃபங்காய்டஸ் என்ற தோல் லிம்ஃபோமா வகை பார்வைக்கு எக்ஸிமா, சொரியாசிஸ் போலவே இருப்பதுதான். என் பெரியப்பாவின் இடுப்பில் இருந்த செதில் படைக்குப் பல வருடங்கள் ஸ்டீராய்டு களிம்புதான் தடவினார்கள். திரும்பத் திரும்பப் பயாப்ஸி (தோல் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) எடுத்த பிறகே அது லிம்ஃபோமா என்ற உண்மை தெரிந்தது. ஆகவே ஒப்பீடு எக்ஸிமா, சொரியாசிஸ் நோயாளிகளோடுதான் இருக்க வேண்டும். உதாரணமாக, குளுக்கோஸ் லாக்டேட்டாக மாறுவது புற்றுநோயில் மட்டுமல்ல, சொரியாசிஸ் அழற்சியிலும் அதிகரிக்கும். முந்தைய இரவுச் சாப்பாடு, சர்க்கரை மாத்திரை எல்லாமே அளவுகளை மாற்றும். பயாப்ஸியே இனி வேண்டாம் என்று மேலே எழுதியிருக்கும் நண்பருக்கு: இரத்தத்தில் எல்.டி.எச். என்ற நொதியின் அளவை மருத்துவர்கள் நெடுநாளாகப் பார்க்கிறார்கள். நோய் முற்றியிருக்கிறதா என்று ஊகிக்க அது உதவும், என்ன நோய் என்று அது சொல்லாது.