இடத்தை அடைப்பது ஹேண்டில்பார்தான்

சின்ன வீட்டில் சைக்கிளை எங்கே வைப்பது என்பது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். சுவரில் கொக்கி அடித்துச் சைக்கிளை மாட்டிவிட்டால் இடப் பிரச்சினை தீர்ந்தது என்கிறது அது. பாதிதான் சரி. முன்சக்கரத்தில் செங்குத்தாகத் தொங்கவிட்டால் வண்டி சுவரிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும். குறுகலான நடைவழியில் போகும்போதும் வரும்போதும் தோளில் இடிக்கும்.

உண்மையில் இடத்தை அடைப்பது ஹேண்டில்பாரும் பெடலும்தான். வாரம் ஒருமுறை மட்டும் ஓட்டுபவர்கள், ஸ்டெம்மின் (ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் துண்டு) பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி ஹேண்டில்பாரைச் சட்டத்துக்கு இணையாகத் திருப்பி வைக்கலாம் (மேல்மூடி போல்ட்டைத் தொட வேண்டாம்). சுவரோரம் சாய்த்த வண்டி ஏறக்குறைய பாதி அகலத்தில் அடங்கிவிடும். ஓட்டுவதற்கு முன் நேராக்கி இறுக்கிவிட்டு, முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையே பிடித்து ஹேண்டில்பாரை முறுக்கிப் பாருங்கள். அசையக் கூடாது. பெடலைக் கழற்றுவதானால், இடது பெடலின் மரை தலைகீழானது. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் மரையைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம்.

ஹைட்ராலிக் பிரேக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது) உள்ள வண்டியைத் தொங்கவிட்டு எடுத்தால், லீவரைச் சில முறை அழுத்திப் பார்க்காமல் ஏறாதீர்கள். எண்ணெயில் காற்று இருந்தால், தொங்கும்போது அது இடம் மாறி, பிரேக் தளர்ந்துபோகும்.

கட்டுரை தொடாத ஒன்று: மின்சைக்கிள். அதை வாசலருகே நிறுத்திச் சார்ஜ் போடவே போடாதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் வெளியேறும் ஒரே வழியும் அடைபட்டுவிடும்.