சுவரில் ஒரு கைத்தடம்

"எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன். நீ உன் உடம்பைப் பார்த்துக்கோ." பதினோரு வருடமாக அம்மா போனில் சொல்வது இதைத்தான். நானும் நம்பினேன். தினமும் வீடியோ காலில் பார்க்கிறோமே, அப்புறம் என்ன கவலை?

போன விடுமுறைக்குப் போனபோது சுவரைப் பார்த்தேன். கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும், இடுப்புக்குச் சற்று மேலே, கை பட்டுப் பட்டுக் கறுத்த தடம். எத்தனை நாளாகச் சுவரைப் பிடித்து நடக்கிறாரோ. வீடியோ காலில் முகம்தான் தெரியும், கால் தெரியாது.

மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தால், இரண்டு பெயரில் ஒரே ரத்த அழுத்த மருந்து. இரண்டு டாக்டர்கள் தனித்தனியே எழுதியது. அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அம்மா இரண்டையும் தவறாமல் போட்டிருக்கிறார். எழுந்து நின்றால் தலை சுற்றுவதை "வயசாச்சு" என்று விட்டுவிட்டார்.

65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருடத்துக்கு ஒரு தடவையாவது கீழே விழுகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விழுந்த பிறகு ஆளில்லாமல் மணிக்கணக்கில் தரையில் கிடப்பது இன்னும் மோசம். தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும். ரத்தக்கட்டியால் வரும் பக்கவாதம் என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நான் விமான நிலையம் போய்ச் சேர்வதற்குள் அந்த நேரம் முடிந்துவிடும்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. "அம்மாவுக்குத் தலை சுத்துது, எல்லா மாத்திரையையும் ஒரே டாக்டர்கிட்ட காட்டணும்ண்ணா" என்று என் தங்கை போன வருடமே சொன்னாள். "நீ ரொம்பப் பயப்படுறே, நான் வந்து பார்த்துக்கறேன்" என்றேன். பணம் அனுப்புகிறவன் நான் என்பதால் கடைசி வார்த்தையும் என்னுடையது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அது பெரிய தப்பு. ராத்திரி கூப்பிட்டால் ஓடிவருகிறவள் அவள். முடிவெடுக்கும் உரிமையும் அவளுக்குத்தான் இருந்திருக்க வேண்டும்.

இப்போது அப்படித்தான். அவளே அம்மாவைக் கூட்டிப்போனாள். டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்தினார். குளியலறையில் கைப்பிடி போட்டதும் அவள்தான். செலவு மட்டும் என்னுடையது.

நானும் போனில் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "போனை அங்கே வெச்சுட்டு, எழுந்து கொஞ்சம் நடந்து வாங்கம்மா" என்கிறேன். முந்தாநாள் சுவரைத் தொடாமல் நடந்து வந்தார்.