அந்த முதல் பேஸுக்கு யாரும் வரவில்லை

நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஓயாத சண்டை ஒன்று உண்டு. 2024 வேர்ல்ட் சீரிஸ் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) தோல்விக்கு யார் காரணம்? ஒரு கூட்டம் நட்சத்திர பேட்டர் ஆரோன் ஜட்ஜ் பெயரைச் சொல்லும். இன்னொரு கூட்டம் மேனேஜர் ஆரோன் பூன்மீது பாயும். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத் தொகைகளை வைத்து ஆளுக்கு ஒரு கணக்கு வேறு. இந்தச் சண்டையில் பேச வேண்டிய விஷயம் பேசப்படாமலே போகிறது என்பதுதான் என் ஆதங்கம். ஆட்டம் கைவிட்டுப் போனது முதல் பேஸில், அதாவது பந்தை அடித்தவர் ஓடித் தொட வேண்டிய முதல் தளத்தில். அங்கே போய் நிற்க வேண்டியவர் போகவில்லை.

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். 2024 அக்டோபர் 30, யாங்கி ஸ்டேடியம், தொடரின் ஐந்தாவது ஆட்டம். எதிரணி டாட்ஜர்ஸ் தொடரில் 3-1 என்று முன்னால் இருக்கிறார்கள். யாங்கீஸின் ஜட்ஜ், ஜாஸ் சிஸம், ஜான்கார்லோ ஸ்டான்டன் மூன்று பேரும் முதல் மூன்று இன்னிங்ஸுக்குள் (இன்னிங்ஸ் என்பது இரண்டு அணியும் தலா மூன்று அவுட் ஆகும்வரை அடிக்கும் ஒரு சுற்று) ஆளுக்கொரு ஹோம் ரன் அடிக்க, இன்னொரு ரன்னும் சேர்ந்து 5-0 ஆகிவிட்டது. யாங்கீஸின் பிட்ச்சர் (பந்து வீசுபவர்) கெரிட் கோல் நான்கு இன்னிங்ஸ் முடியும்வரை ஒரு ஹிட்கூட (அடித்துவிட்டு பேஸைச் சேரும் அடி) கொடுக்கவில்லை. நான்காவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் ஃப்ரெடி ஃப்ரீமன் தூக்கி அடித்த பந்தை ஜட்ஜ் சுவரில் மோதிப் பிடித்தார். அதே ஜட்ஜ்தான் அடுத்த இன்னிங்ஸில் சுலபமானதை விட்டார்.

ஐந்தாவது இன்னிங்ஸ். டாட்ஜர்ஸின் கீகே ஹெர்னாண்டஸ் ஒரு சிங்கிள் (ஒரு பேஸ் எட்டும் அடி). டாமி எட்மன் அடித்தது நேராக சென்டர் ஃபீல்டில் ஜட்ஜின் கைக்கே வந்தது. கிளவுஸில் பட்டுக் கீழே விழுந்தது. அடுத்து வில் ஸ்மித் அடித்த தரைப்பந்தை ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பவர்) ஆந்தனி வோல்பி எடுத்து மூன்றாம் பேஸுக்கு எறிந்தார். பந்து முன்னாலேயே குத்தித் துள்ளியது, சிஸத்தால் பிடிக்க முடியவில்லை. மூன்று பேஸிலும் ஆள், ஒரு அவுட்கூட இல்லை. இந்த இடத்தில் கோல் செய்தது அசாத்தியம்: கேவின் லக்ஸ் ஸ்ட்ரைக் அவுட் (அடிக்கத் தவறிய பந்து ஒரு ஸ்ட்ரைக், மூன்று ஆனால் அவுட்), ஷோஹே ஒஹ்தானி ஸ்ட்ரைக் அவுட். இரண்டு பேர் செய்த தவறையும் ஒற்றை ஆளாக ஏறக்குறையத் துடைத்துவிட்டார். ஸ்கோர் இன்னும் 5-0. ஒரே ஒரு அவுட் பாக்கி.

மூக்கி பெட்ஸ் அடித்தது மெதுவான தரைப்பந்து. மட்டையின் ஓரத்தில் பட்டதால் பக்கவாட்டில் சுழன்றுகொண்டே முதல் பேஸ் பக்கம் போனது. முதல் பேஸ்மேன் ஆந்தனி ரிஸோ அதைப் பிடித்துவிட்டார். பெட்ஸ் வருவதற்குள் பந்தோடு யாராவது பேஸைத் தொட்டால் அவுட். ஆனால் பிடித்து நிமிர்ந்தால் பேஸில் ஆள் இல்லை. கோல், பிட்ச்சர் நின்று வீசும் மேடான மவுண்டுக்கும் பேஸுக்கும் நடுவழியில் நின்று, "நீயே போ" என்று கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். பெட்ஸ் திரும்பிப் பார்க்காமல் ஓடி பேஸைக் கடந்துவிட்டார். முதல் ரன். அடுத்து ஃப்ரீமன் இரண்டு ஸ்ட்ரைக் வாங்கிய பிறகு ஒரு சிங்கிள், இரண்டு ரன். டெயோஸ்கார் ஹெர்னாண்டஸ் ஒரு டபுள் (இரண்டு பேஸ் எட்டும் அடி), மறுபடி இரண்டு ரன். 5-5. ஐந்து ரன்னும் அந்த ஒரு அவுட் தவறியதற்குப் பிறகு வந்தவை.

இந்த விளையாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் மேலிருந்து பார்க்கும்போது "ஓடிப்போய்த் தொட்டால் முடிஞ்சது" என்று தோன்றும். பேஸ்பால் மைதானத்தில் ஒவ்வொரு பேஸுக்கும் நடுவில் 90 அடி. மவுண்டிலிருந்து முதல் பேஸ் சுமார் 64 அடி. பேட்டர் அடித்துவிட்டு முதல் பேஸை அடைய வலக்கை ஆட்டக்காரருக்குச் சராசரியாக 4.3 விநாடி ஆகும். பந்து தனக்கு இடப்பக்கமாக உருண்டால் பிட்ச்சர் யோசிக்கவே கூடாது. முதல் இரண்டு எட்டு தானாகவே முதல் பேஸ் நோக்கிப் போயாக வேண்டும். யார் பிடிப்பார், எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதெல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு பார்க்க வேண்டியது.

அதிலும் பேஸை நோக்கி நேராக ஓடக் கூடாது. பேஸுக்குப் பத்துப் பதினைந்து அடி முன்னால், ஃபவுல் கோட்டை (பேட்டர் நிற்கும் ஹோமிலிருந்து முதல் பேஸ் வழியாகப் போகும் எல்லைக்கோடு) ஒட்டி ஒரு புள்ளியைக் குறிவைத்து ஓடி, அங்கே திரும்பி, கோட்டுக்கு உள்பக்கமாக அதற்கு இணையாக ஓட வேண்டும். நேராக ஓடினால் ஓடி வரும் பேட்டரோடு மோதல், பந்தையும் பேஸையும் ஒரே நேரத்தில் தேட வேண்டிய திண்டாட்டம். வளைந்து போனால் முதல் பேஸ்மேன் கையைக் கீழிருந்து வீசி நெஞ்சுயரத்துக்கு மெல்ல எறிவதைப் பேஸுக்கு இரண்டு எட்டு முன்னாலேயே பிடித்துவிடலாம். பிடித்த பிறகுதான் கண் கீழே போக வேண்டும். வலது காலால் பேஸின் உள் ஓரத்தைத் தொட்டு, உடனே இடப்பக்கம் மைதானத்துக்குள் விலகினால் மோதலும் இல்லை, வேறு யாராவது ஹோம் நோக்கி ஓடினாலும் எறியத் தயார். பள்ளிக்கூட அணியில் ஆடும் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதுதான், 32.4 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஆடும் கோல் பிப்ரவரிப் பயிற்சியில் செய்வதும் இதுதான்.

அப்புறம் ஏன் தவறியது? கோல் பேஸை நோக்கி ஓடுவதற்குப் பதில் முதலில் பந்தை நோக்கிக் கோணம் எடுத்தார். பந்து தன்னைக் கடந்ததும் நின்றுவிட்டார். 64 அடியை 4.3 விநாடிக்குள் கடக்க வேண்டிய ஆள் அரை விநாடி நின்றாலே கதை முடிந்தது. மறுபக்கம், பந்து சுழன்று வந்ததால் ரிஸோ பாய்ந்து முன்னே வராமல் நின்று வாங்கினார். துள்ளும் பந்தைத் தவறவிட்டால் இரண்டு ரன் போகும் என்பதால் அது சரியான முடிவு. ஆனால் அப்படி நின்று வாங்கிய பிறகு அவர் தானே ஓடி பெட்ஸை முந்த முடியாது. செப்டம்பர் கடைசியில் வலது கையில் இரண்டு விரல் முறிந்து, அந்தக் கையிலேயே கிளவுஸ் மாட்டி ஆடிக்கொண்டிருந்தவர் அவர். பிட்ச்சர் வருவார் என்று நம்பித்தான் அந்த முறையே வகுக்கப்பட்டிருக்கிறது.

ஸ்கோர் புக்கை எடுத்துப் பாருங்கள். ஜட்ஜுக்கு ஒரு எரர் (தடுப்பாட்டப் பிழை), வோல்பிக்கு ஒரு எரர். கோலுக்கு எதுவும் இல்லை. பெட்ஸுக்கு ஒரு ஹிட் என்று பதிவாகியிருக்கிறது! பந்தைத் தொட்டுத் தவறவிட்டால்தான் பொதுவாக எரர். போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் இருப்பது மனப்பிழை, அதை எழுத விதியில் இடமில்லை. அந்த ஐந்து ரன்னும் பிட்ச்சர் கணக்கில் சேராத ரன்கள். இரண்டு எரரும் இல்லையென்றால் இன்னிங்ஸ் எப்போதோ முடிந்திருக்கும் என்பது ஸ்கோரர் கணக்கு. விதிப்படி அது சரி. ஆனால் எண்ணை மட்டும் பார்த்துச் சண்டை போடுகிறவர்கள் ஜட்ஜையும் வோல்பியையும் மட்டும் திட்டுவதற்கு இந்தக் கணக்குதான் காரணம். கோல் என் மதிப்பில் மிகப் பெரிய பிட்ச்சர், அன்று வீசியதும் அருமையாகத்தான் வீசினார். அதனால்தான் இதைச் சொல்ல இவ்வளவு வலிக்கிறது.

அந்த ஒரு இன்னிங்ஸில் கோல் 38 பந்து வீசினார். அதற்குப் பின்னும் ஏழாவது இன்னிங்ஸ் வரை தாங்கினார். யாங்கீஸ் ஆறாவதில் ஸ்டான்டனின் சாக்ரிஃபைஸ் ஃப்ளையால் (அடித்தவர் கேட்ச் ஆனாலும் பேஸில் இருந்தவர் ஓடி ரன் எடுக்கும் அடி) 6-5 என்று முந்தவும் செய்தார்கள். எட்டாவதில் யாங்கீஸின் பிட்ச்சர் டாமி கேன்லி மூன்று பேரைச் சந்தித்து ஒரு அவுட்கூட எடுக்காமல் பேஸை நிரப்பிவிட்டுப் போனார். அடுத்த பிட்ச்சராக லூக் வீவர் வந்தார். லக்ஸ் ஒரு சாக்ரிஃபைஸ் ஃப்ளை, 6-6. அடுத்து ஒஹ்தானி மட்டையை வீசும்போது கேட்ச்சர் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தை வாங்குபவர்) ஆஸ்டின் வெல்ஸின் கிளவுஸில் பட்டது. கேட்ச்சர் இடையூறு, இலவச பேஸ், மறுபடி மூன்று பேஸும் நிரம்பின. பெட்ஸ் இன்னொரு ஃப்ளை, 7-6. ஆட்டமும் முடிந்தது, தொடரும் முடிந்தது.

அந்த கிளவுஸ் மட்டையில் பட்டதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. இப்போது கேட்ச்சர்களை முன்பைவிட பேட்டருக்கு நெருக்கமாக உட்கார வைக்கிறார்கள். தாழ்வாக வரும் பந்தை அது இன்னும் இறங்குவதற்குள் வாங்கி, ஸ்ட்ரைக் போலக் காட்டுவதற்காக. 162 ஆட்டத்தில் அது நிறைய ஸ்ட்ரைக் சம்பாதித்துத் தரும், மறுப்பதற்கில்லை. அதற்குக் கொடுக்கும் விலைதான் இது.

பூன்மீது கோபப்படுகிறவர்கள் அந்தத் தொடரின் முதல் ஆட்டத்தைச் சொன்னால் நான் உடன்படுவேன். பத்தாவது இன்னிங்ஸில் ஒரு ரன் முன்னிலையோடு, செப்டம்பர் 18-க்குப் பிறகு ஒரு ஆட்டத்திலும் வீசாத நெஸ்டர் கோர்ட்டெஸைக் கொண்டுவந்தது பெரிய தவறு. அவருடைய பந்தை ஃப்ரீமன் கிராண்ட் ஸ்லாமாக (மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது அடிக்கும், நாலு ரன் தரும் ஹோம் ரன்) அடித்தார். ஆனால் அந்த ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸ் வரை ஏன் போனது? எட்டாவதில் ஒஹ்தானி டபுள் அடித்தபோது, வெளியிலிருந்து வந்த எறிதலை யாங்கீஸின் இரண்டாம் பேஸ்மேன் க்ளைபர் டோரஸ் சரியாக வாங்கவில்லை. ஒஹ்தானி மூன்றாம் பேஸுக்குப் போனார், ஒரு ஃப்ளையில் ஓடி வந்து 2-2 ஆக்கினார். அங்கேயும் இதே நோய்தான்.

இப்போது ஜட்ஜுக்கு வருவோம். "அக்டோபரில் காணாமல் போகிறவர்" என்ற பட்டத்தை 2024-இல் அவருக்குக் கொடுத்தீர்கள். 58 ஹோம் ரன் அடித்த ஆள் அந்த பிளே ஆஃபில் (சீசனுக்குப் பிறகு நடக்கும் நாக் அவுட் சுற்றுகள்) .184 சராசரி மட்டுமே, அதை மறைக்க முடியாது. ஆனால் 2025 பிளே ஆஃபில் அவர் 26 முறை ஆடி 13 ஹிட், அதாவது .500. டொராண்டோ அணிக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் எல்லைக் கம்பத்தில் அடித்த அந்த மூன்று ரன் ஹோம் ரன்னை மறந்துவிட்டீர்களா? அப்படி ஆடியும் யாங்கீஸ் தொடரை 3-1 என்று தோற்றார்கள். தோல்வி ஜட்ஜின் மட்டையில் மட்டும்தான் இருக்கிறது என்றால், மட்டை வேலை செய்த வருஷம் ஏன் ஜெயிக்கவில்லை?

கடைசி ஆட்டத்தைப் பாருங்கள். 2025 அக்டோபர் 8. இளம் பிட்ச்சர் கேம் ஷ்லிட்லர் அழகாக வீசிக்கொண்டிருக்கிறார், டொராண்டோ 2-1 என்று மட்டும் முன்னால். ஏழாவதில் டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்) ஆகியிருக்க வேண்டிய ஒரு தரைப்பந்து இரண்டாம் பேஸில் சிஸத்தின் கிளவுஸில் பட்டு விலகிப் போனது. பிறகு நேதன் லூக்ஸ் அடித்த சிங்கிளில் இரண்டு ரன், 4-1. ஒரு வருஷம் கழித்து, அதே மைதானம், அதே கதை.

சிஸத்தைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் யோசிக்க வேண்டும். 2024 ஜூலையில் மயாமியிலிருந்து அவரை வாங்கியபோது மேஜர் லீக்கில் மூன்றாம் பேஸில் ஒரு ஆட்டம்கூட ஆடியவர் இல்லை. மூன்று மாதத்தில் வேர்ல்ட் சீரிஸில் அங்கே நிற்கிறார். துள்ளி வரும் எறிதலை எந்தக் காலில் நின்று, கிளவுஸை எங்கே வைத்து அள்ளுவது என்பது ஆயிரக்கணக்கான முறை வாங்கிப் பழகினால் வருவது. 2025-இல் 31 ஹோம் ரன், 31 ஸ்டீல் (பந்து வீசும்போதே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது) என்று கொடுத்தவரை அந்த வருஷம் மட்டுமே இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் மாற்றி மாற்றி அலைக்கழித்தார்கள். தவறு செய்தது கை. அந்தக் கையை அங்கே வைத்தது நிர்வாகம்.

வோல்பி விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம். 2023-இல் புதுமுகமாக கோல்ட் க்ளவ் (சிறந்த தடுப்பாட்டத்துக்கான விருது) வாங்கியவருக்கு எறியத் தெரியாதா? 2025 மே மாதம் பாய்ந்து விழுந்ததில் இடது தோள் கிழிந்தது. அதோடே சீசன் முழுக்க ஆடி 19 எரர், .212 சராசரி. சீசன் முடிந்ததும் அறுவைச் சிகிச்சை. அதே இடத்தில் ஆடக்கூடிய ஹோஸே கபயேரோவை ஜூலையிலேயே வாங்கி வைத்திருந்தார்கள். அடிபட்ட பையனை உட்கார வைக்காமல் ஆட விட்டுவிட்டு, "விற்றுத் தள்ளு" என்று கத்துவது நியாயமா?

எனக்கு வேண்டியது சின்ன விஷயம்தான். பிட்ச்சர் ஓடிப்போய் பேஸ் மூடும் பயிற்சியை டாம்பா முகாமில் பிப்ரவரியோடு நிறுத்தாமல், ஒவ்வொரு ஸ்டார்ட்டரும் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர்) வீசாத நாளில் பத்து முறையாவது செய்ய வேண்டும். அதுவும் சும்மா உருட்டிவிட்டு அல்ல. பேட்டர் ஒருவர் உண்மையாக ஓட, பந்து சுழன்று வர. பத்துக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ரன்னர் எந்த பேஸில் இருக்கும்போது யார் எங்கே போவது என்று இன்னிங்ஸுக்கு நடுவில் கத்திச் சொல்ல இன்ஃபீல்டில் (பேஸ்களைச் சுற்றி நிற்பவர்களில்) ஒரு ஆள் வேண்டும். ரிஸோ ஓய்வு பெற்றுவிட்டார். அந்த இடம் காலி.

அடுத்த ஆட்டம் பார்க்கும்போது முதல் பேஸ் பக்கம் ஒரு தரைப்பந்து போனால், ஒரே ஒரு முறை பந்தை விட்டுவிட்டு பிட்ச்சரின் காலைப் பாருங்கள். மட்டையில் பட்ட சத்தத்தோடே கால் கிளம்புகிறதா, ஒரு கணம் நிற்கிறதா? அதைப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் யாரை விற்பது யாரை வாங்குவது என்று பேசலாம்.