ஒரே டேட்டாவுக்கு எத்தனை முறை காசு?

ரீசார்ஜ் செய்யும்போதே டேட்டாவுக்கான காசைக் கொடுத்துவிடுகிறேன். 28 நாளை ஒரு மாதமாக்கி வருடத்துக்கு 13 முறை வாங்குகிறார்கள், அதையும் கட்டித் தொலைக்கிறேன். 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றும் சில நாள் இடைவெளியில் விலையை ஏற்றியபோதும் முணுமுணுத்துக்கொண்டே கட்டினேன். இத்தனைக்கும் பிறகு, நான் யூடியூப் பார்த்தால் யூடியூபும் தங்களுக்குக் காசு தர வேண்டும் என்கிறது செல்பேசி நிறுவனங்களின் சங்கமான சிஓஏஐ. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘நியாயமான பங்கு’. பெயர் வைப்பதில் மட்டும் குறை சொல்லவே முடியாது!

நெட் நியூட்ராலிட்டி, அதாவது எல்லாத் தளங்களையும் நெட்வொர்க் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற சண்டை முடிந்துவிட்டது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2014 டிசம்பரில் இணையவழிப் பேச்சுக்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. அடுத்த மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இப்படிப்பட்ட இணையச் சேவைகளை ஒழுங்குபடுத்துவது பற்றி 118 பக்கத்தில் ஒரு கலந்தாய்வுத் தாளை வெளியிட்டது. நெட் நியூட்ராலிட்டி வேண்டும் என்று 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போய்க் குவிந்தன. கட்டணம், ஒழுங்குமுறை என்றாலே கொட்டாவி விடும் ஊரில் அது சாதாரண விஷயமில்லை.

அப்புறம் வந்தது ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் சிம் இருந்தால் ஃபேஸ்புக்கும் இன்னும் சில தளங்களும் இலவசம். உண்மையைச் சொன்னால், எனக்கே அப்போது தடுமாற்றம்தான். ஒன்றுமே இல்லாதவருக்கு ஏதோ கொஞ்சமாவது கிடைக்கட்டுமே என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. என் மனதை மாற்றியது ஃபேஸ்புக் நடந்துகொண்ட விதம். இப்படித் தளத்துக்கொரு விலை வைப்பது பற்றி டிராய் கேட்டது நான்கு கேள்விகள். ஃபேஸ்புக் தன் பயனர்களைத் தட்டி அனுப்ப வைத்ததோ, எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாத ஒரே மாதிரியான ஆதரவுக் கடிதம். எது உள்ளே வரலாம் என்று முடிவு செய்யும் சாவியை இவர்கள் கையிலா கொடுப்பது? (ஆமாம், இதை எழுதுவதும் ஃபேஸ்புக்கில்தான். தெரியும்.) 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு விலை வைக்கக் கூடாது என்று டிராய் தடை போட்டது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம், அதிகபட்சம் 50 லட்சம். ஏழைகளுக்கு இணையம் கிடைக்காமல் போய்விட்டதா என்ன? அதே வருடம் செப்டம்பரில் ஜியோ வந்தது, போட்டியில் டேட்டா விலை சரிந்தது. முழு இணையமே கைக்கு வந்தது.

இப்போதைய வாதத்துக்கு வருவோம். டவருக்கும் ஸ்பெக்ட்ரத்துக்கும் கொட்டிய பணம் நிஜம்தான், மறுக்கவில்லை. ஆனால் யூடியூப் தானாக வந்து யார் நெட்வொர்க்கிலும் ஏறி உட்காரவில்லை. நான் பிளே பட்டனை அழுத்தியதால் வருகிறது. அழுத்தும் உரிமைக்குத்தான் ரீசார்ஜ். கரண்ட் பில் கட்டிய பிறகு, ‘உங்கள் வீட்டில் ஓடுவதால் மிக்ஸி கம்பெனியும் எங்களுக்குத் தர வேண்டும்’ என்று மின்வாரியம் கேட்டால் சிரிக்க மாட்டோமா?

பெரிய நிறுவனங்களிடம் மட்டும்தானே கேட்கிறோம் என்பார்கள். சரி, அவர்கள் கொடுத்தால் சந்தாவில் ஏற்றி நம்மிடம்தான் வசூலிப்பார்கள். கொடுக்க மறுத்தால்? தென் கொரியாவைப் பாருங்கள். டிராஃபிக்கை அனுப்பும் நெட்வொர்க்கே கட்டணம் கட்ட வேண்டும் என்ற முறை அங்கே 2016 முதல் இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸும் ஓர் இணையச் சேவை நிறுவனமும் வருடக்கணக்கில் கோர்ட்டில் மோதி 2023 இல் சமரசத்துக்கு வந்தன. அமேசானுக்குச் சொந்தமான கேம் நேரலைத் தளமான ட்விட்ச், செலவைக் குறைக்க 2022 இல் அந்த நாட்டுக்கு மட்டும் வீடியோ தரத்தை 720பி ஆக இறக்கியது. அதுவும் போதவில்லை. நெட்வொர்க் கட்டணம் மற்ற பெரும்பாலான நாடுகளைவிட 10 மடங்கு என்று சொல்லி 2024 பிப்ரவரியில் கடையைக் கட்டியது. அமேசானுக்கே கட்டுப்படியாகாத கணக்கு இது. அங்கே கேம் ஸ்ட்ரீம் செய்து பிழைத்துக்கொண்டிருந்தவர்கள் பார்வையாளர்களைக் கூட்டிக்கொண்டு வேறு தளம் தேடிப் போனார்கள்.